பாசிமணி

புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அந்தத் தொட்டி இருக்கிறது. தொட்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. நான்கு பக்கமும் செங்கல்லை அடுக்கி, சில்பாலின் ஷீட்டை விரித்து, சலித்த மண்ணைத் தூவி, சாணியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீர் கண்ணில் படாதபடி அசோலா மூடிக்கிடக்கிறது. வீட்டு அக்கா காலையில் ஒரு கூடை அள்ளி, இரண்டு தண்ணீர் விட்டு அலசி, தவிட்டோடு பிசைந்து கறவை மாட்டுக்கு வைக்கிறார். “சாணி வாடை போவ அலசணும் சார். இல்லன்னா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும்” என்றார். மாட்டுக்கு இருக்கும் ரசனையை ஒப்புக்கொண்டு, என் ரசனைக்கு ஒரு பிடி கேட்டு வாங்கி வந்தேன்.

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்திய காலத்தில் நுண்ணோக்கியில் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஆளுக்கு அரை நிமிஷம். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இப்போது வீட்டில் ஒரு பழைய நுண்ணோக்கி இருக்கிறது. வரிசை கிடையாது.

அசோலாவின் இலை கடுகளவுதான் இருக்கும். ஒவ்வோர் இலைக்கும் இரண்டு மடல். அடிமடல் தண்ணீரில் மிதக்கும். மேல்மடலுக்குள் ஒரு குழி. அந்தக் குழிக்குள் ஒரு குடித்தனம். அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி வாடகை கொடுத்துக்கொண்டு அங்கே வாழ்கிறது. இலையை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டினால் குழி உடைந்து குடித்தனம் வெளியே வரும். நானூறு மடங்கில் பார்த்தால் மணி கோத்த சரடு.

நீரில் படிவதும் பாசி, கழுத்தில் போட்டுக்கொள்வதும் பாசி என்று தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பதன் பொருத்தம் அப்போதுதான் உறைக்கும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டுவதற்கு முன்பும் பின்பும், மழை விட்ட மண்ணில் கடுகளவுக் கண்ணாடி மணிகள் அங்கே மேலே வந்துகொண்டே இருந்தன. அந்த மணிகளை நீட்டி இழுத்த குழாயிலிருந்து நறுக்கினார்கள். என் கண்ணாடித்துண்டில் கிடக்கும் மணி தன்னைத்தானே நறுக்கிக்கொள்கிறது. ஒரு மணி நீண்டு, நடுவில் இடுங்கி, இரண்டாகிறது, சரடு அறுபடுவதில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லா மணியும் ஒன்றல்ல என்று தெரியவரும். பெரும்பாலானவை நீலம் கலந்த பச்சை, உள்ளே பொடிப்பொடியாகத் துகள். இடையிடையே ஒன்று மட்டும் சற்றுப் பருத்து, வெளிறி, மஞ்சள் சாயலோடு, தடித்த சுவரோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு முனையிலும், பக்கத்து மணியைத் தொடும் இடத்தில், பளிச்சென்று ஒரு புள்ளி. மூக்குத்திக் கல் போல. பாடப்புத்தகம் இதை ஹெட்டிரோசிஸ்ட் என்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கும் சொற்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

வயல் தண்ணீரில் தனியாக வாழும் அனபீனாவை எடுத்து எண்ணிப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு பச்சை மணிக்கு ஒரு வெளிறிய மணி. பத்து, ஒன்று. பதினொன்று, ஒன்று. அளந்து வைத்ததுபோல். அளப்பதற்கு அங்கே யாருமில்லை. மூளை கிடையாது, நரம்பு கிடையாது, தலைவர் கிடையாது. ஒவ்வொரு மணிக்கும் தெரிந்தது இடப்பக்கத்து அயலும் வலப்பக்கத்து அயலும் மட்டுமே. அப்படியிருக்க, தான் பத்தாவது என்று ஒரு மணிக்கு எப்படித் தெரிகிறது?

முதலில் அந்த வெளிறிய மணி என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் பயிரால் அதைத் தொட முடியாது. அதை உடைத்து உரமாக்கும் நொதி இந்தப் பாசியிடம் இருக்கிறது. அந்த நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது; பட்டால் செத்துப்போகும். பச்சை மணிகளோ வெயில் பட்டதும் ஆக்சிஜனைக் கொப்பளிப்பவை. ஒரே வீட்டில் இரண்டும் நடக்காது. அதனால் ஒரு மணி ஒதுங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் உண்டாக்கும் தன் பாதிப் பொறியைக் கழற்றிப் போடுகிறது. கொழுப்புப் பூச்சால் சுவரைக் கனமாக்கிக் காற்றைத் தடுக்கிறது. கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது இதற்கு. பிறகு கல்யாண வீட்டில் அடுப்பங்கரையை விட்டு நகராமல் எல்லாருக்கும் பொங்கிப் போடுகிறவர் போல, நைட்ரஜனைப் பிடித்து இரண்டு பக்கமும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து மணிகள் அதற்குச் சர்க்கரை அனுப்புகின்றன. அது இனிப் பிளப்பதில்லை. அதற்குச் சந்ததி கிடையாது.

நெல் வயலில் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்ப்பது நீலப்பச்சைப் பாசிதான் என்று 1939-இல் எழுதிக் காட்டியவர் வங்கத்துக்காரர் பி.கே. தே. இந்தப் பாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வரைந்து, பெயர் எழுதி அடுக்கியதில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் தொடங்கிவைத்த பாசிப் பள்ளியிலிருந்து வந்த டி.வி. தேசிகாச்சாரி, 1959-இல் ‘சயனோஃபைட்டா’ என்ற நூலைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட எழுநூறு பக்கம். இன்றைக்கும் உலகில் எங்கே ஒருவர் நீலப்பச்சைப் பாசியை அடையாளம் காண உட்கார்ந்தாலும் அந்தப் புத்தகம் மேசைக்கு வரும். படங்களை நிதானமாகப் புரட்டினால், சில பக்கங்கள் நகைக்கடைப் பட்டியல் போலவே இருக்கும்.

பத்தாவது மணிக்கு வருவோம். வெளிறிய மணியிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து பக்கத்து மணிகளைத் தடுக்கிறது என்று 1949-லேயே ஃபாக் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஊகித்தார். அது என்ன என்று தெரிய ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. 1998-இல் டெக்சாசில் யூன், கோல்டன் இருவரும் அதைப் பிடித்தார்கள். பாட்-எஸ் என்று பெயர் வைத்த சின்னஞ்சிறு புரதம். அதிலும் வேலை செய்வது அதன் வால்துண்டு மட்டுமே: ஐந்தே அமினோ அமிலம். ஐந்தெழுத்து. உருமாறத் தொடங்கும் மணி அந்த ஐந்தெழுத்தைத் தயாரித்து இடமும் வலமும் அனுப்புகிறது. பக்கத்தில் செறிவாக இருக்கும், தள்ளிப்போகப் போக நீர்த்துவிடும். அது எட்டுகிற தூரம் வரை எந்த மணியும் உருமாறாது. பச்சை மணிகள் பிளந்து பிளந்து சரடு நீள நீள, இரண்டு வெளிறிய மணிகளுக்கு நடுவே இடைவெளி அகலுகிறது. நட்டநடுவில் இருக்கும் மணிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சேதி மங்கிவிடுகிறது. அங்கே புதிதாக ஒன்று வெளிறத் தொடங்குகிறது.

இதில் நான் வியப்பது ஐந்தெழுத்தின் சிறுமையை அல்ல, அதன் பொருளை. அது ‘வா’ என்றோ ‘செய்’ என்றோ சொல்லவில்லை. ‘வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறது. செல்கள் பேசிக்கொள்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் தந்தி, கட்டளை, தொலைபேசி என்று ஏவல் மொழியிலேயே எழுதுகிறார்கள். வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்தினேன். இப்போது தனியே உட்கார்ந்து பார்க்கும்போது, இந்தப் பேச்சின் சுவை முழுக்க ‘வேண்டாம்’, ‘பொறு’, ‘போதும்’ என்ற மூன்று சொல்லில் இருப்பதாகப்படுகிறது. வயலில் யூரியா போட்டுப் பாருங்கள். தண்ணீரில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்ததும் சரட்டில் வெளிறிய மணிகள் குறைந்துவிடும். தேவையில்லாத வேலைக்கு ஆளை நியமிப்பதில்லை. (அசோலாவுக்குள் இருக்கிற பாசியின் கணக்கு வேறு. அங்கே நான்கைந்து மணிக்கே ஒன்று. குடியிருக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பொங்க வேண்டும் அல்லவா. 2010-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, தனியாகப் பிழைக்கத் தேவையான பல மரபணுக்கள் உடைந்துகிடந்தன. இனி அது வீட்டைக் காலி செய்யாது.)

பாசியிலிருந்து அது வாழும் வயலின் நெல்லுக்கு வருவோம். நெல் இலைக்கு அதிக நேரம் ஒதுக்கப் போவதில்லை. ஒரே ஒரு வடிவத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இலைத்துளையின் இரு மருங்கிலும் நிற்கும் காப்பு செல்களை அவரைவிதை வடிவம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நெல்லில் அவை உடுக்கை வடிவம். இரண்டு உடுக்கைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எப்படியோ அப்படி. பொட்டாசியமும் தண்ணீரும் உள்ளே வந்ததும் உடுக்கையின் குமிழ் முனைகள் புடைத்து ஒன்றையொன்று தள்ளும், இடுப்புகள் விலகும், நடுவில் கீற்றாக வழி திறக்கும். வேரில் தண்ணீர் சுருங்கினால் அப்சிசிக் அமிலம் என்கிற சேதி வரும். குமிழ்கள் தளர, வழி மூடும். மூடினால் தண்ணீர் மிஞ்சும், காற்று கிடைக்காது; திறந்தால் காற்று கிடைக்கும், தண்ணீர் போகும். பகல் முழுக்க, ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கான உடுக்கைகள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

செல் பிளவிலும் இப்படி ஒரு பேச்சு உண்டு. அதைப் பார்க்கப் பள்ளியில் வெங்காய வேர்தான். நெல்லில் 24 குரோமோசோம், எல்லாம் பொடி. வெங்காயத்தில் 16, ஒவ்வொன்றும் கொழுத்தது. காலையில் வேர்நுனியை நறுக்கி, அமிலத்தில் காட்டி, அசிட்டோகார்மைனில் ஊறப்போட்டு, கண்ணாடித்துண்டில் வைத்து, மேலே ஒற்றுத்தாளை மடித்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நுனியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பிளவு நடக்கும் இடம். பிள்ளைகள் தாராளமாக ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு “ஒண்ணுமே தெரியல சார்” என்பார்கள். இன்னும் சிலர் அழுத்துகிற வேகத்தில் கவர் ஸ்லிப் நொறுங்கும். சரியாக அமைந்த ஒரு துண்டில், கருஞ்சிவப்புக் கயிறுகள் செல்லின் நடுக்கோட்டில் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். நிற்கின்றன என்பதுதான் முக்கியம். பிரியவில்லை. எதற்கோ காத்திருக்கின்றன.

எதற்கு? வில்லியனூர்த் தேர் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநரே வந்து திருக்காமீஸ்வரர் தேரின் வடம் தொடுவார்; இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் தொடுகிறார். யார் தொட்டாலும், வடம் முழுக்க விறைத்து, சக்கரத்தில் முட்டுக்கட்டை எடுத்த பிறகுதான் தேர் அசையும். செல்லிலும் ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு பக்கமும் இழை வந்து பிடித்து, இரண்டும் விறைக்க வேண்டும். ஒரே ஒரு குரோமோசோமில் ஒரு பக்கம் பிடிபடாமல் இருந்தாலும், அது ‘பொறு’ என்ற சேதியை விட்டுக்கொண்டே இருக்கும். மற்றதெல்லாம் தயாராகிக் காத்துக் கிடக்கும். தேரை ஒரு திசையில்தான் இழுப்பார்கள், இங்கே இரண்டு திசையில் இழுக்கிறார்களே என்று கேட்டால், உவமை அவ்வளவு தூரம்தான் ஓடும்.

இதை 1995-இல் ரீடர் என்ற அமெரிக்கர் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கங்காரு இனத்தைச் சேர்ந்த சின்ன விலங்கொன்றின் செல்லை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாக் குரோமோசோமும் பிடிபட்டு, கடைசி ஒன்று மட்டும் ஒரு பக்கம் பிடிபடாமல் நின்றது. செல் காத்திருந்தது. அவர் லேசர் ஒளியால் அந்தப் பிடிபடாத முனையை மட்டும் பொசுக்கினார். ‘பொறு’ என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அடங்கியதும், சற்று நேரத்தில் செல் பிளக்கத் தொடங்கிவிட்டது. ஒரே ஒரு குரல், மொத்தச் செல்லையும் நிறுத்தி வைத்திருந்தது. பெரும்பான்மை முடிவுகளுக்குப் பழகிய நம் மனசுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

நட்ட நெல் தூர் கட்டுவதிலும் இதே பேச்சுத்தான். ஒவ்வோர் இலைக்கும் அடியில் ஒரு மொட்டு தயாராக உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் கிளம்பினால் தூர் பெருத்துக் கதிர் சிறுக்கும். எனவே வேரும் தண்டும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை உண்டாக்கி மேலே அனுப்பி, ‘வேண்டாம்’ என்று மொட்டுகளை அடக்குகின்றன. மண்ணில் மணிச்சத்துக் குறைந்தால் இதன் அளவு கூடும், தூர் குறையும். பயிரில் இதன் வேலை இன்னதென்று 2008-இல்தான் தெரிந்தது. அதைக் காட்டியதில் ஜப்பானியரின் குட்டை நெல்லுக்குப் பங்குண்டு. இந்தப் பேச்சைப் பெறும் புரதம் சேதியைப் படித்ததோடு நிற்பதில்லை, அதைத் துண்டாக்கியும் விடுகிறது. ரகசியக் கடிதத்தைப் படித்துக் கிழித்துப் போடுவதுபோல்.

ஆனால் ரகசியம் கசிந்துவிட்டது. அதே பொருளை வேர் மண்ணுக்குள்ளும் விடுகிறது, மணிச்சத்தைத் தேடித்தரும் பூஞ்சையை அழைக்க. அதை ஒட்டுக்கேட்கிற ஒரு களை உண்டு. கரும்புக்காரர்களுக்கும் சோளக்காரர்களுக்கும் நன்றாகத் தெரிந்த சுடுமல்லி. மண்ணில் வருஷக்கணக்கில் தூங்கும் அதன் தூசிவிதை, இந்த வாடை எட்டினால்தான் முளைக்கும். முளைத்து நேராக வேரைப் பிடித்து உறிஞ்சும். அறிவியலில் அந்தப் பொருளுக்குப் பெயரே இந்தத் திருட்டுக் களையின் லத்தீன் பெயரிலிருந்துதான் வந்தது. அழைத்தவர் பெயரை விட்டுவிட்டு ஒட்டுக்கேட்டவர் பெயரை வைத்தது அநியாயம் என்பது என் கட்சி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. அது வடிவதற்கு முன் சாத்தனூர் அணை திறந்தது, விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல். தென்பெண்ணை கரை மீறிப் பாகூர்க் கொம்யூனுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தெரிந்தவர் ஒருவரின் வயலுக்குப் போனேன். நட்டு இருபது நாள் ஆன பின்சம்பா. பயிர் இருந்தது, நிற்கவில்லை. ஒவ்வொரு நாற்றும் இயல்பைவிட நீண்டு, வெளுத்து, ஈரத்துணி போலச் சேற்றில் படிந்துகிடந்தது. “தண்ணிக்கு மேல தலைய நீட்டப் பாத்துது சார். நீட்டி நீட்டியே செத்துது” என்றார் அவர். ஒரு ஆய்வுக்கட்டுரையை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நடந்தது இது. எத்திலீன் என்பது செடி விடும் வாயு; வாழைத்தாருக்கு மூட்டம் போட்டால் பழுப்பதற்கும் அதுதான் காரணம். காற்றில் இருக்கும் வரை அது பறந்துவிடும். தண்ணீரில் வாயு நகரும் வேகம் காற்றில் நகர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எனவே மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் தேங்குகிறது. ‘மூழ்கிவிட்டாய்’ என்பதே அதன் பொருள். சாதாரண நெல் அதைக் கேட்டதும் ஜிப்ரலின் ஊக்கியைத் தட்டி எழுப்பி, சேர்த்துவைத்த சர்க்கரையெல்லாம் செலவழித்து நீள்கிறது. வெள்ளம் வடியும்போது கையில் காசில்லை.

ஒடிசாவின் பழைய நெல் ஒன்று, எஃப்.ஆர்.13ஏ என்று எண் போட்டு வைத்தது, அதே சேதிக்கு வேறு பதில் சொல்லும். அதனிடமுள்ள சப்-1ஏ என்ற மரபணு எத்திலீனைக் கேட்டதும் ‘பொறு, நீளாதே’ என்கிறது. பயிர் மூச்சடக்கி, சர்க்கரையை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாரம் வரை தண்ணீருக்கடியில் கிடக்கும். வடிந்ததும் துளிர்க்கும். 2006-இல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. 2009-இல் சுவர்ணா சப்-1 இந்திய உழவர் கைக்கு வந்தது. நம் பக்கத்துக்காரர்களுக்குப் பழக்கமான சி.ஆர்.1009 நெல்லிலும் இதைச் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறான நெல்லும் உண்டு. மாதக்கணக்கில் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும் நாடுகளின் ஆழநீர் நெல், அதே எத்திலீனைக் கேட்டு ஒரே நாளில் ஒரு சாண் நீளும். 2009-இல் ஜப்பானியர் அதன் மரபணுக்களுக்கு ஸ்நார்கெல் என்று பெயர் வைத்தார்கள். ஒரே வாயு; ஓரிடத்தில் ‘எழு’, ஓரிடத்தில் ‘அடங்கு’. சில நாளில் வடியும் பாகூர் வெள்ளத்துக்கு இரண்டாவதே சரியான பதில்.

அந்த உழவரிடம் விதையைப் பற்றிச் சொன்னேன். “அடுத்த சம்பாவுக்குப் பாப்போம்” என்றார். கேட்டுக்கொண்டாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

பாசிமணியை நீங்களே பார்க்கலாம். அசோலாத் தொட்டி இப்போது பல ஊர்க் கொட்டகைகளில் இருக்கிறது. கேட்டால் ஒரு பிடி தருவார்கள். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் நானூறு மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி ஒன்றாவது இருக்கும். வெளிறிய மணி கண்ணில் பட்டதும் அங்கிருந்து அடுத்த வெளிறிய மணி வரை எண்ணுங்கள். ஒரு சரட்டோடு நிறுத்தாமல் ஐந்தாறு சரடு எண்ணுங்கள். எடுத்து வந்ததை முதலில் இரண்டு தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். அக்கா மாட்டுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். சாணித்துகள் இருந்தால் மணி தெரியாது.